சமதரையில் நிற்கும் ஜீப்

தேவசேனாவுக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பெருமாள்மலை முக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில் நான்கு வருஷம் நின்று வேலை பார்த்தவள், ஒரு நாள் முதலாளியின் முகத்துக்கு நேரே, "இனிமே இந்தக் கடைப் படிய நான் மிதிக்க மாட்டேன். நான் சினிமாவுக்கு வேலை பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அன்றைக்கு அவள் கையில் என்ன இருந்தது? ஆன்லைனில் ஒரு படிப்புக்குப் பெயர் கொடுத்ததற்குப் போனில் வந்த ஒரு குறுஞ்செய்தி. அவ்வளவுதான்.

சினிமா என்றதும் நடிக்கப் போகிறாள் என்று ஊர் பேசியது. அவள் படித்தது வேறு. எடுத்து முடித்த படத்தில் இல்லாததைச் சேர்ப்பது, இருக்கிறதை அழிப்பது. மழை பெய்யாத ஊரில் மழையைப் பெய்ய வைப்பது, கதாநாயகன் இடுப்பில் கட்டியிருக்கும் கயிறு தெரியாமல் அழித்து அவனைப் பறக்க விடுவது. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஒரு டீமையே கட்டி மேய்க்கிற சண்முகசுந்தரி என்ற அம்மாள்தான் டீச்சர். வாரத்தில் சில நாள் சாயங்காலம் லேப்டாப் திரையில் வருவார், பாடம் எடுப்பார், ஒவ்வொருவர் செய்த வேலையையும் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டிக் கிழித்துத் தோரணம் கட்டுவார். மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள். தேவசேனா மட்டும் தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பாள்.

அவள் புருஷன் கந்தவேல் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். அவளுக்கு அத்தை மகன்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல மனுஷன், ஆனால் வாயிலிருந்து வார்த்தையைக் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். வாடகை பேசுவதற்கு வாயைத் திறப்பான், சாப்பிடுவதற்குத் திறப்பான். பெண்டாட்டியிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசியதாகச் சரித்திரம் கிடையாது. அவள் வகுப்பில் உட்கார்ந்ததும் ஒரே அறை உள்ள அந்த வீட்டை விட்டு எழுந்து போய், வாசலில் ஜீப்பில் உட்கார்ந்துகொள்வான். அதுதான் அவன் செய்கிற உபசாரம்.

இப்போது படிப்பு முடிகிற நேரம். கடைசியாக ஒரு ஷாட் செய்து கொடுக்க வேண்டும். அதை வைத்துச் சண்முகசுந்தரி தன் டீமுக்கு ஒரே ஒருவரை எடுப்பார். அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம், மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால்? அதையும் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் பழைய சாக்லேட் கடை. ஸீஸன் இல்லாத மாசத்திலும் பெண்பிள்ளைகளுக்கு மலையில் வேலை கொடுப்பது அந்த மாதிரிக் கடைகள்தான். முதலாளியும் கந்தவேலைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: "படம் காட்டி முடிஞ்சிருச்சின்னா திங்கக்கிழமை வரச் சொல்லுப்பா. இல்லேன்னா வேற புள்ளயப் போட்டுக்கிறேன்."

அந்தக் கடையில் அவள் வேலை, சாக்லேட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி, ருசி பார்க்க நீட்டுவது. தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் சிரிக்க வேண்டும். முதலாளி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் சாம்பிள், இங்க வா" என்பார், கடை நிறைய ஆள் இருக்கும்போது. அதை நினைத்தாலே தேவசேனாவுக்கு வயிறு எரியும். படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாயோடு அந்தப் படியில் ஏறுவதை நினைத்தால் இன்னும் எரியும்.

கடைசி ஷாட்டுக்கு எல்லோருக்கும் ஒரே படத்துண்டைத்தான் கொடுத்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் மீன் காயப்போடுகிற சிமெண்டுத் தரை. உச்சி வெயில், ஆள் கிடையாது. கேமரா தரையோடு தரையாகத் தாழ்ந்து மெல்ல நகரும். அந்த வெறுந்தரையில் ஒரு ஜீப் நிற்க வேண்டும். ஜீப்பைக் கம்ப்யூட்டரில் செய்து படிப்பு நடத்துகிறவர்களே கொடுத்துவிட்டார்கள். அதை அந்த வெயிலில், அந்தத் தரையில், உண்மையாகவே நிற்கிற மாதிரி நிறுத்துவதுதான் பரீட்சை.

ஜீப்பா, நமக்கா என்று தேவசேனா சிரித்தாள். தினமும் வாசலில் நிற்கிற சாமான். ஜன்னல் வழியாகக் கந்தவேலின் ஜீப்பைப் பார்த்துப் பார்த்துத் தன் ஜீப்பை நிறுத்தினாள். சக்கரத்தில் புழுதி, கண்ணாடியில் வானம், மேலே கட்டிய தார்ப்பாயில் சுருக்கம், ஒன்று விடவில்லை. அனுப்பிவிட்டு, "மாமா, முடிஞ்சிருச்சு. நம்மள அடிச்சுக்க ஆள் இல்ல" என்றாள். கந்தவேல் தலையை ஆட்டினான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பில் அவள் ஷாட் ஓடியது. சண்முகசுந்தரி ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரம் ஓட்டினார், நிறுத்தினார்.

"வெயில் நல்லா இருக்கு. கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கு. தேவசேனா, பின்சக்கரத்துக்குப் பின்னாடி இது என்னது?"

"எது மேடம்?"

"இது. கல்லு மாதிரி இருக்கு."

"கல்லுதான் மேடம்."

"யாரு வச்சது?"

தேவசேனாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "நான்தான் மேடம். வண்டி உருண்டுராதா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்த அத்தனை முகமும் சிரித்தது. சண்முகசுந்தரி சிரிக்கவில்லை. "எங்க உருளும்? தரை சமமா இருக்கே" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலையில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுக்காமல் எவனும் இறங்க மாட்டான். அவள் பிறந்தது மேல்மலையில் பூண்டுக்காட்டில். அங்கே கை தவறி ஒரு பூண்டைக் கீழே விட்டால் அடுத்தவன் காட்டில் போய்த்தான் பொறுக்க வேண்டும். வாக்கப்பட்டு வந்த பெருமாள்மலையும் சரிவுதான். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, யோசிக்காமல், வாசலில் ஜீப்புக்குப் பின்னால் கிடந்த கல்லையே போனில் படம் பிடித்து, ஓரம் வெட்டி, தூத்துக்குடி கடற்கரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். கல்லில் பாசி வேறு பிடித்திருந்தது.

"அடுத்த ஷாட்ல ஹீரோ ஓடி வந்து ஏறி உடனே வண்டியை எடுப்பான்" என்றார் சண்முகசுந்தரி. "கல்லு இருந்தா அவன் எப்படி எடுப்பான்? எடுத்துட்டு, நாளைக்கு வகுப்புக்கு முன்னாடி அனுப்புங்க. கல்லோட இருந்தா இதை நான் கணக்குல எடுத்துக்க முடியாது."

"ஒரு நிமிச வேலை மேடம்" என்றாள் தேவசேனா, கொஞ்சமும் அசராமல். "இப்பவே எடுத்துருவேன்."

எடுக்கிறதும் ஒரு நிமிஷம்தான். படத்தில் கல் தனியாக, ஜீப் தனியாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காகத்தான் இருக்கும். கல் இருந்த அடுக்கை அணைத்தாள். கல் போயிற்று, கல்லின் நிழலும் போயிற்று. அது போன இடத்தில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது.

தேவசேனா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். ஒரு நூல் இடைவெளிதான். ஆனாலும் இடைவெளி இடைவெளிதானே. அத்தனை பெரிய ஜீப் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் கல் அதை மறைத்திருக்கிறது. ஜீப்பைக் கொஞ்சம் இறக்கினாள். சக்கரம் சிமெண்டில் புதைந்தது. தூக்கினாள். மிதந்தது. இறக்கினால் சேற்றில் மாட்டிய எருமை, தூக்கினால் நூலில் தொங்குகிற பொம்மை, இரண்டுக்கும் நடுவில் ஜீப் என்று ஒன்று கிடைக்கவே இல்லை. அவள் முதல் முறையாக மணியைப் பார்த்தாள்.

வகுப்பில் கூடப் படிக்கிற அஜய் அப்போது போன் செய்தான். கோயம்புத்தூர்ப் பையன், வேலையில் சூரன், அவளுக்குச் சரியான போட்டியும் அவன்தான். ஆனால் மனசில் கள்ளம் இல்லாதவன். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா இத்தன யோசன? டயருக்கு அடீல கருப்பா நெழலு மாதிரி அப்பி உட்ருங்க்கா. அஞ்சு செகண்டு ஷாட்டு. யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றான்.

சொன்னபடி அப்பிப் பார்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அஜய் பொய் சொல்லவில்லை, நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஏற்கெனவே ஒரு கல்லை வைத்து ஒரு தப்பை மூடியாகிவிட்டது. அது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்வது. சனியன் போ என்று அந்தக் கருப்பை அழித்தாள்.

வாசலுக்கு வந்து கந்தவேலின் ஜீப்பைப் பார்த்தாள். பனி மூட்டத்தில் அரைகுறையாகத் தெரிந்தது. ஐப்பசி மாசம்; பத்து நாளாக வெயில் முகத்தையே காட்டவில்லை. நிழலே விழாத ஊரில் நிழலை எங்கே போய்ப் பார்ப்பது? இன்டர்நெட்டில் ஜீப் படங்களைத் தேடினாள். ஆயிரம் இருந்தன. எதிலும் கேமரா தரையோடு தாழ்ந்து இல்லை, வெயில் தலைக்கு மேல் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தேவசேனா விஷயத்தில் கூடம் நேராக இருந்தது, அவளுக்குக் கோணல் கூடத்தில் ஆடித்தான் பழக்கம்.

சோற்றைப் போட்டுவிட்டு, "மாமா, எனக்குச் சமதரை வேணும்" என்றாள்.

கந்தவேல் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு?"

"நம்ம வண்டிய நிப்பாட்டிப் பாக்கணும். வெயிலும் வேணும். சுள்ளுன்னு அடிக்கிற வெயிலு."

அவன் ஒரு உருண்டையை விழுங்குகிற நேரம் யோசித்தான். "இங்கன ஏது சமதரை. பஸ்ஸு நிக்கிற எடமே சரிஞ்சுதான் கெடக்கு. கீழதான் போகணும்."

"அப்ப கீழ போவோம்."

"நாளைக்கு மதுரைக்காரகளுக்கு சவாரி இருக்கு."

"முருகவேலு அண்ணனுக்கு மாத்தி விட்டுருங்க."

 கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தான். "ஏலே முருகவேலு, நாளைக்கு என் பார்ட்டிய நீ ஏத்திக்க. எனக்குக் கீழ ஒரு சோலி கெடக்கு" என்றான். என்ன சோலி என்று அவன் கேட்டிருப்பான் போலிருக்கிறது. கந்தவேல் கொஞ்சம் திணறி, "வண்டிய நிப்பாட்டணும்டா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வெள்ளனே கிளம்பினார்கள். மடியில் லேப்டாப், காலடியில் புளிச்சோற்றுப் பாத்திரம். வளைவுக்கு வளைவு குளிர் குறைந்தது. பாதி மலை இறங்குவதற்குள் கந்தவேல் குல்லாவைக் கழற்றினான், அப்புறம் ஸ்வெட்டரைக் கழற்றினான், வத்தலக்குண்டு வந்து டீ குடிக்கும்போது சட்டையின் மேல் பட்டன் இரண்டையும் கழற்றியிருந்தான். அங்கேயே ஓர் இடத்தில் நிறுத்தலாம் என்றால் கூட்டம். அய்யம்பாளையம் போகிற வழியில் போனார்கள். ரோட்டோரம் ஒரு தென்னந்தோப்பு, தோப்புக்கு முன்னால் அகலமான சிமெண்டுக் களம், பாதியில் தேங்காய்ப் பருப்பு காய்கிறது, பாதி காலி. உளுந்தைக் கொட்டினால் கொட்டின இடத்திலேயே கிடக்கும், அத்தனை சமம். தேவசேனாவுக்கு அதைப் பார்த்ததும் கும்பிட வேண்டும் போலிருந்தது.

தேங்காயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தாள். காளியாயி என்று பெயர், தோப்பு அவளுடையது.

"யாரும்மா நீங்க?"

"மலையிலேர்ந்து வர்றோம்ங்க. இந்தக் களத்துல செத்த நேரம் ஜீப்ப நிப்பாட்டிக்கிறமா? படம் எடுக்கணும்."

"கல்யாணப் படமா?"

"இல்லங்க. ஜீப்புக்கு."

காளியாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தேங்காயில ஏத்திறாம நிப்பாட்டிக்கங்க" என்றாள். கந்தவேல் ஜீப்பைக் களத்தில் ஏற்றி நிறுத்தினான். தேவசேனா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொதிக்கிற சிமெண்டில் கோணிச் சாக்கை விரித்து, குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துச் சக்கரத்தையே பார்க்க ஆரம்பித்தாள். காளியாயி மெல்லக் கந்தவேல் பக்கத்தில் வந்து, "ஏப்பா, ஒன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லங்க. படிக்குது" என்றான் கந்தவேல்.

படுத்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். நல்ல பெரிய கல், தென்னைக்குப் பாத்தி கட்டின கல்லாக இருக்கும்.

"மாமா, யாரு வச்சது இத?"

கந்தவேல் கல்லைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். "நான்தான் போலருக்கு. கை தன்னால போகுது."

"எடுங்க மாமா. பிரேக்கையும் விட்டுருங்க."

"உருண்டுருமேடி."

"எங்க உருளும்? தரை சமமா இருக்கே."

அவன் அரை மனசாகக் கல்லை உதைத்துத் தள்ளினான். உள்ளே ஏறிக் கைப்பிரேக்கை விட்டான். இறங்காமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். ஜீப் உருளவில்லை. ஆனால் லேசாக ஒரு முனகல் முனகி, மூக்கு இறங்கி, நாலு சக்கரத்திலும் பாரத்தைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்த மனுஷன் மாதிரி அமர்ந்தது.

தேவசேனா அதைத் தரையில் கன்னம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமதரையில் ஒரு ஜீப் நிற்பதை அவள் அதற்கு முன்னால் பார்க்காமல் இல்லை, கவனித்ததில்லை. வாசலில் கந்தவேல் எப்போதும் மேட்டைப் பார்க்கத்தான் நிறுத்துவான். அந்த மூக்குத் தூக்கின ஜீப்தான் அவள் கண்ணில் ஊறின ஜீப். கம்ப்யூட்டரிலும் தன்னையறியாமல் மூக்கைத் தூக்கியிருக்கிறாள். அதனால் பின்சக்கரம் புதைந்திருக்கிறது. புதைந்ததை எடுக்க மொத்த வண்டியையும் ஒரு நூல் தூக்கியிருக்கிறாள். முன்சக்கரம் அதைவிட அதிகமாக மிதந்ததை, பின்சக்கரத்தையே பார்த்த கண் கவனிக்கவில்லை. நேற்று வீட்டில் இறக்கித் தூக்கி விளையாடியதெல்லாம் வீண். தூக்க வேண்டியது அல்ல, நேராக்க வேண்டியது. டயர் நாலும் அடியில் ஒரே மாதிரிப் பிதுங்கியிருந்தன. அடியில் விழுந்த நிழலும் அஜய் சொன்ன மாதிரிக் கருப்பு இல்லை. சிமெண்டில் பட்ட வெயில் உள்ளே ஏறி, நிழல் ஓரம் எல்லாம் பழுப்பாக இருந்தது. டயர் தரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் கண்மை தீற்றின மாதிரி ஒரு கோடு.

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா" என்று கத்தினாள். காளியாயி கையிலிருந்த தேங்காயைக் கீழே போட்டாள்.

மோட்டார் ரூமில் பிளக் இருந்தது. தென்னை நிழலில் சாக்கைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவள் தலையைத் தூக்கவில்லை. காளியாயி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். குடித்தது கூட அவளுக்கு நினைவில்லை. கந்தவேலுக்கு அந்த வெக்கை ஆகவே இல்லை. தொட்டியிலிருந்து மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான், மரத்தடிக்கு மரத்தடி இடம் மாறினான், கடைசியில் ஜீப்புக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு வார்த்தை, கிளம்பலாமா என்று கேட்கவில்லை. மத்தியானம் தாண்டி அவள் ஷாட்டை அனுப்பி முடித்து, "வெரசா வாங்க, வகுப்புக்குப் போயிரணும்" என்று எழுப்பினபோது முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

மலை ஏறி வந்தபோது தூறல் பிடித்திருந்தது. அவள் உள்ளே போய் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். அவன் வழக்கம் போல வாசலில் ஜீப்புக்குப் போய்விட்டான்.

அஜயின் ஷாட் முதலில் ஓடியது. சண்முகசுந்தரி பெரிதாகக் குறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாததே பட்டம் கட்டுகிற மாதிரி. அடுத்து தேவசேனாவினுடையது ஓடியது.

"ம். கல்லு போயிடுச்சு. நல்லா இருக்கு" என்றார். அடுத்த ஷாட்டுக்குப் போகப் போனவர் நின்றார். "ஒண்ணு கேக்கணும் தேவசேனா. நேத்து ஒரு நிமிஷ வேலைன்னு சொன்னீங்க. மத்தியானத்துக்கு மேலதான் வந்துச்சு. ஏன்?"

கரண்டு இல்லை மேடம் என்றால் முடிந்தது. மலையில் கரண்டு போகும் என்பது ஊரறிந்த விஷயம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். போனில் அஜய் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: கரண்டுன்னு சொல்லுங்க்கா. தேவசேனா அதைப் பார்த்தாள். சாக்லேட் கடை ஒரு கணம் கண்ணில் வந்து போயிற்று. உண்மையைச் சொன்னால் வேலை கைவிட்டுப் போய்விடலாம். ஆனால் கன்னம் கொதிக்கத் தரையில் கிடந்து கற்றுக்கொண்டு வந்ததை மறைக்கவும் மனசு வரவில்லை. பெருமைக்காரிக்குத் தப்பைச் சொல்வதில்கூடப் பெருமைதான்.

"மேடம், பழைய ஷாட்டத் திரும்ப ஓட்டுங்க. நான் கல்ல மட்டும் எடுத்துட்டு ஒண்ணு அனுப்புறேன். ரெண்டையும் பாருங்க."

ஓடியது. திரையில் ஜீப் மிதந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"கல்லுக்குப் பின்னாடி இதுதான் இருந்துச்சு மேடம். நான் வேணும்னு மறைக்கல. நீங்க கல்ல எடுக்கச் சொன்னப்பறம்தான் எனக்கே தெரிஞ்சது. எங்க ஊர்ல வண்டி மூக்கத் தூக்கிட்டுத்தான் நிக்கும். அதையே பாத்துப் பாத்து, சமதரையில எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியல. அதான் கீழ எறங்கிப் போயி, ஒரு களத்துல எங்க வண்டியவே நிப்பாட்டி, படுத்துக் கெடந்து பாத்துட்டு வந்தேன்."

"மலையிலேர்ந்து இறங்கியா?"

"ஆமா மேடம். இங்க வெயிலும் இல்ல, சமதரையும் இல்ல."

சண்முகசுந்தரி இரண்டு ஷாட்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். 

"நேத்து நான் கல்லைத்தான் பார்த்தேன். சக்கரத்தைப் பார்க்கலை. நீங்க சும்மா விட்டிருந்தா அது அப்படியே போயிருக்கும், நாளைக்குப் பெரிய திரையில யாராவது பார்த்திருப்பாங்க" என்றார். பிறகு, "வேலை தெரிஞ்ச பசங்க எனக்கு நிறைய பேர் கிடைப்பாங்க. தன் ஷாட்டைத் தானே பிடிச்சு உலுக்கற ஆளு கிடைக்கறது கஷ்டம். அஜய், நீங்க நல்லா பண்ணியிருக்கீங்க, அடுத்த தடவை உங்களைக் கூப்பிடுவேன். தேவசேனா, திங்கக்கிழமை காலைல ஆரம்பிக்கலாம். வீட்லேர்ந்தே பண்ணுங்க" என்றார்.

"சரிங்க மேடம். நன்றிங்க மேடம்" என்றாள் தேவசேனா, மார்க்கெட்டில் காய் வாங்கி முடித்த மாதிரி அத்தனை நிதானமாக. வகுப்பு முடிந்தது. லேப்டாப்பை மூடினாள். மூடின லேப்டாப்பின் மேல் தலையைக் கவிழ்த்து, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். ஏன் இப்படி அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நான்கு வருஷம் சிரித்த சிரிப்பெல்லாம் அழுகையாக வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வழியாகக் கந்தவேல் பார்த்துவிட்டான். நனைந்தபடி உள்ளே வந்தான். கதவருகே நின்றான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அழுகிறவளிடம் அதை வேறு கேட்பார்களா என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அழுவாத தேவு" என்றான். "கெடைக்காட்டிப் போகுது. நீ அந்தக் கடைக்கும் போக வேணாம். அவன் ஒன்னய சாம்பிளுன்னு கூப்புட்டத நான் ஒருநா வெளிய நின்னு கேட்டேன். கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். அது எனக்கு இன்னைக்கும் நெஞ்சுல கெடக்கு."

தேவசேனாவின் அழுகை சட்டென்று நின்றது. தலையை மட்டும் தூக்கவில்லை.

"நான் அந்தக் களத்துல படுத்துக் கெடக்கையில யோசிச்சேன். வண்டிய வித்துருவோம். பண்ணைக்காட்டு ஆளு ஒருத்தரு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காரு. சென்னைக்குப் போயிருவோம். அங்கன நீ நேர்லயே போய்ப் படிச்சுக்கலாம். ஊரே சமதரைதான, எங்க வேணா பாத்துக்கலாம். நான் எதாச்சும் ஓட்டிக்கிறேன். வெக்கைதான், அது பழகிரும். ஒனக்கு இந்த வேலை வரும் தேவு. நீ தரையில படுத்துப் பாத்த பாரு, அத நான் பாத்தேன். அப்படிப் பாக்குறவளுக்கு வராம யாருக்கு வரும்?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் மொத்தமாகப் பேசினதே அவ்வளவு இருக்காது. பேசி முடித்துவிட்டுக் களைத்துப் போனவன் மாதிரி சுவரில் சாய்ந்தான். தேவசேனா மறுபடி அழுதாள். பிறகு முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வண்டிய விக்க வேணாம் மாமா. வேலை கெடச்சிருச்சு. திங்கக்கிழமைலேர்ந்து. வீட்லேர்ந்தே பாக்கலாமாம்."

கந்தவேல் அவளையே பார்த்தான். "அப்பறம் ஏன் அழுத?"

"மொதல்ல சந்தோசத்துல அழுதேன். அப்பறம் நீங்க பேசுனதக் கேட்டு அழுதேன்."

அவனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. தலையில் சொட்டிய தண்ணீரைத் துடைக்கிற மாதிரிக் கண்ணையும் சேர்த்துத் துடைத்தான். "கெட்டிக்காரிதான். நான் பேச ஆரம்பிச்சப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பீங்க" என்றாள் தேவசேனா.